ஜப்பானில் பழைய வீடு வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

டோக்கியோவின் நிஷிகசாயிலும் யோகோஹாமாவிலும் குடியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தபடியே ஜப்பானிய வீட்டு விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும்,

சில காலமாக நம்மவர்கள் கூடும் எந்த விருந்திலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டுவார். திரையில் ஒரு மர வீடு. கறுத்த ஓட்டுக்கூரை, வாசலில் வளைந்து நிற்கும் பைன் மரம், பாசி பிடித்த கல்விளக்கு. விலை 10 லட்சம் யென். “சென்னையில் இந்தக் காசுக்குக் கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. வாங்கி, லேசாகச் சரிபண்ணி, டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் இரண்டே வருஷத்தில் போட்டதை எடுத்துவிடலாம்” என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. 2024-இல் மட்டும் ஏறக்குறைய 3 கோடியே 69 லட்சம் வெளிநாட்டினர் ஜப்பானுக்கு வந்து போனார்கள். காகிதக் கதவைத் தள்ளினால் தோட்டம் தெரிகிற வீட்டில் இரண்டு இரவு தங்கிப் பார்க்க வேண்டும் என்று அவர்களில் பலருக்கு ஆசை. அதற்குப் பணம் கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் கதவு திறக்க ஆள் கிடைக்கிறது. எனவே வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். வீட்டைத் தேடும் முன் அதைப் பேணப் போகும் கைகளைத் தேடுங்கள். ஒரு தச்சர், ஒரு தோட்டக்காரர், கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து நிற்கிற ஓர் உள்ளூர்க்காரர் என மூன்று பேர் வேண்டும். இந்த மூவரும் அமையாத வீடு எத்தனை மலிவாக வந்தாலும் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. அமைந்துவிட்டால், விருந்தினர் தரும் வாடகை அந்த வீட்டை இன்னொரு தலைமுறைக்கு நிறுத்தி வைக்கும்.

முதலில் அந்த விலையைப் பார்ப்போம். 2023-இல் ஜப்பான் அரசு எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம். நாட்டின் மொத்த வீடுகளில் இது 13.8 விழுக்காடு. வாடகைக்கும் விற்பனைக்கும் காத்திருப்பவை, விடுமுறைக்கு மட்டும் பயன்படுபவை எல்லாவற்றையும் கழித்தாலும் சும்மா பூட்டிக் கிடப்பவை 38.5 லட்சம். அகியா என்று நம்மவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஊரில் பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஒசாகாவிலோ டோக்கியோவிலோ நிலைத்துவிட்டார்கள். மர வீட்டுக்கு இங்கே வரிக் கணக்கில் ஆயுள் 22 ஆண்டுகள்தான். அதைத் தாண்டிய வீட்டுக்குச் சந்தையில் பெரும்பாலும் மதிப்பே போடுவதில்லை, மண்ணுக்குத்தான் விலை. இடித்துவிடலாம் என்றால் இடிக்கும் செலவு ஒருபக்கம் பயமுறுத்துகிறது. வீடு நிற்கும் நிலத்துக்கு 200 சதுர மீட்டர் வரை சொத்து வரிக்கான மதிப்பு ஆறில் ஒன்றாகக் குறைக்கப்படுகிறது. வீட்டை இடித்தால் அந்தச் சலுகையும் போய்விடும். அதனால் பலரும் பூட்டைத் தொங்கவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

இப்போது அப்படி இருக்க முடியவில்லை. 2015-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த காலிவீட்டுச் சட்டமும், 2023 டிசம்பரில் அமலான அதன் திருத்தமும், கவனிக்காமல் விட்ட வீடுகளிடமிருந்து அந்தச் சலுகையைப் பறிக்க வழி செய்துவிட்டன. 2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவும் கட்டாயம். தகுந்த காரணமில்லாமல் தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம். இத்தனையும் சேர்ந்துதான் விளம்பரத்தில் அந்த 10 லட்சமாகத் தெரிகிறது. சுமக்க ஆளில்லாத ஒரு குடும்பம் சுமையை இறக்கி வைக்கும் விலை அது. அவர்கள் இறக்கியதைத்தான் நீங்கள் தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறீர்கள்.

ஆகவே பத்திரத்தை நிதானமாகப் பாருங்கள். பதிவேட்டில் இருப்பது எப்போதோ காலமான தாத்தாவின் பெயராக இருக்கலாம். அப்படியானால் எங்கெங்கோ இருக்கும் வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். வீட்டோடு கொஞ்சம் வயலும் வருகிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். விவசாய நிலம் கைமாற உள்ளூர் வேளாண் குழுவின் அனுமதி தேவை. உள்ளறையில் முன்னோர்களுக்கான பூஜை மாடம் அப்படியே இருக்கக்கூடும். அதை அகற்றும் முன் பௌத்த குருவை அழைத்துச் சடங்கு செய்வது வழக்கம். விற்பவரே அதைச் செய்து தருவாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்க முடியும். ஆனால் வீடு வாங்கியதற்காக யாருக்கும் விசா கிடைப்பதில்லை. தொழில் நடத்துவதற்கான விசாவுக்குக் காட்ட வேண்டிய முதலீடு 2025 அக்டோபரில் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்ந்துவிட்டது. மலிவு வீட்டை வாங்கி அங்கேயே குடியேறித் தொழில் செய்யலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இந்தத் தொகையை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது அனுமதி. பெரும்பாலான ஊர்களில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மின்பாகு. 2018 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கும் தனியார் தங்குமிடச் சட்டத்தின்படி, பதிவு செய்துகொண்டு ஆண்டுக்கு 180 நாள் வரை வீட்டை விருந்தினருக்கு விடலாம். உள்ளாட்சிகள் அதையும் குறைக்கலாம். கியோத்தோ நகரம் குடியிருப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிய பகுதிகளில் பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் அனுமதிக்கிறது. செர்ரி பூக்கும் காலமும் இல்லை, இலை சிவக்கும் காலமும் இல்லை, கடுங்குளிர்காலம் மட்டும். வீட்டில் நீங்கள் குடியிருக்கவில்லை என்றால், பதிவு பெற்ற நிர்வாக நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைத்தாக வேண்டும்.

இரண்டாவது வழி, 1948-ஆம் ஆண்டின் விடுதிச் சட்டத்தின் கீழ் எளிய விடுதிக்கான உரிமம். இதற்கு 180 நாள் வரம்பு கிடையாது. ஆனால் அந்த இடத்தில் விடுதி நடத்தலாமா என்று நகரத் திட்ட வரைபடத்தைப் பார்க்க வேண்டும். 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீடாக இருந்தால் கட்டடப் பயன்பாட்டை மாற்றுவதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். எந்த வழியில் போனாலும் தீயணைப்புத் துறை வந்து பார்க்கும். தீ எச்சரிக்கைக் கருவி, வெளியேறும் வழிக்கான விளக்கு, எளிதில் தீப்பற்றாத திரைச்சீலை என்று ஒரு பட்டியல் தருவார்கள். மரமும் வைக்கோலும் காகிதமும் சேர்ந்த வீட்டில் அந்நியர்கள் தூங்கப் போகிறார்கள் என்பதால் அந்தப் பட்டியலில் பேரம் பேச ஒன்றுமில்லை.

கியோத்தோ இதற்கு மேலும் ஒரு விதி வைத்திருக்கிறது. உரிமையாளர் வீட்டில் இல்லாவிட்டால், விருந்தினர் தங்கும் நேரத்தில் பொறுப்பாளர் ஒருவர் சுமார் பத்து நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு இது நகராட்சி எழுதிவைத்த மிக நல்ல அறிவுரையாகப் படுகிறது. நள்ளிரவில் குழாய் வெடித்தாலும், குடிபோதையில் ஒருவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாலும் பெங்களூரிலிருந்து வாட்ஸாப்பில் சமாதானம் பேசிப் பயனில்லை.

இனி வீடு. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தூண்களை அடித்தளக் கற்களின் மேல் நிறுத்தினார்கள். மூங்கில் சட்டத்தில் மண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பிச் சுவர் எழுப்பினார்கள். கனத்த ஓட்டுக்கூரை மேலே. 1981 ஜூனில் நிலநடுக்கத் தாங்குதிறன் விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2000-இல் மர வீடுகளுக்கு மேலும் இறுக்கப்பட்டன. நீங்கள் பார்க்கும் வீடு இவை இரண்டுக்கும் முந்தையது. 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பத்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் வாஜிமாவிலும் சுசுவிலும் இப்படிப்பட்ட பழைய வீடுகள் வரிசையாகச் சரிந்தன. அதில் நேரடியாக இறந்தவர்களில் பெரும்பாலோர் இடிந்த வீடுகளில் சிக்கியவர்கள். ஆகையால் வர்ணமும் விளக்கும் வாங்கும் முன், தாங்குதிறன் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குங்கள். பல நகராட்சிகள் அதற்கு உதவித்தொகை தருகின்றன.

கூரை, அடித்தளம், குளியலறை மூன்றையும் தொட்டால் செலவு 1 கோடி யென்னைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கரையான் இருந்தால் இன்னும் ஏறும். இங்கேதான் தச்சர் வேண்டும். அவர் ஆணிக்கும் பசைக்கும் பழகியவராக மட்டும் இருந்தால் போதாது. மரத்தோடு மரம் கோக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இற்றுப்போன தூணின் அடிப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புது மரத்தைப் பொருத்தி ஒட்டுப் போட அவரால் முடியும். அப்படி ஒருவரை அழைத்துக் காட்டாமல், தூணை எடுத்துவிட்டு இரும்பு நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்ற குழப்பம் புதிதல்ல. ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி ஜுனிச்சிரோ 1933-இல் வெளியிடத் தொடங்கிய ‘நிழல்களின் புகழ்’ கட்டுரையில், மரபு வீட்டில் மின்கம்பியையும் எரிவாயுக் குழாயையும் எங்கே மறைப்பது என்ற கவலையிலிருந்தே ஆரம்பிக்கிறார். என் கருத்து இது: கழிப்பறை, குளியலறை, சமையலறை, தரைக்கடியில் வெப்பம் ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். ஜனவரியில் இந்த வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை தெரியும். அழகுக்காக விறைத்துக் கிடக்க எந்த விருந்தினரும் பணம் தருவதில்லை. அதே சமயம் தூண், உத்தரம், மண்சுவர், தோகோநோமா மாடம், தத்தாமி பாய் இவற்றில் கை வைக்காதீர்கள்.

தத்தாமியையும் ஷோஜி என்ற காகிதக் கதவையும் பேணுவது ஒரு முறையோடு முடிகிற வேலையல்ல. பாயின் மேல்விரிப்பைச் சில ஆண்டுகளில் திருப்பிப் போட வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். சூட்கேஸின் சக்கரம் ஒரு முறை உருண்டால் கோரை நார் கிழிந்துவிடும். ஷோஜிக் காகிதத்தில் குழந்தைகளின் விரல் எப்படியும் போகும். கிழிந்த கட்டத்தை ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும். பெட்டி வைக்கத் தோதான மேடை என்று நினைத்து, ஓவியச்சுருள் தொங்கும் தோகோநோமாவில் கைப்பையைத் தூக்கி வைப்பவர்கள் நிறையப் பேர். வாசலிலேயே பெட்டி வைக்க ஒரு பலகை போட்டுவிடுங்கள்; பாதித் தொல்லை தீரும். மழைக்காலத்தில் விருந்தினர் இல்லாத நாளிலும் யாராவது வந்து கதவுகளைத் திறந்து காற்றோட விட்டுப் போக வேண்டும். ஜூன் மாதத்தில் பத்து நாள் பூட்டிய வீட்டில் பாயும் சுவரும் பூஞ்சை பிடித்துவிடும்.

தோட்டத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரப் படத்தில் உங்களை மயக்குவது அதுதான். வாங்கியபின் யாருடைய செலவுக் கணக்கிலும் வராமல் போவதும் அதுதான்.

ஒரு நவம்பரில், கியோத்தோவில் வயதான தோட்டக்காரர் ஒருவர் பைன் மரம் ஒன்றைச் சீர்செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்று கால் ஏணியில் ஏறி நின்றார். கீழே பாசியின் மேல் துணி விரித்திருந்தார். கத்தரியை அதிகம் தொடவில்லை. ஒவ்வொரு சிறு கிளையாகப் பிடித்து, முந்தைய ஆண்டின் ஊசியிலைகளை இரண்டு விரலால் கீழ்நோக்கி உருவி, நுனியில் புது இலைகளை மட்டும் விட்டுவைத்தார். நெரிசலாக நின்ற குச்சிகளைக் கிள்ளி எறிந்தார். அவ்வப்போது இறங்கி வந்து, வீட்டுக்குள் ஏறி, பாயில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏணிக்குப் போனார். மாலையில் கிளைகளுக்கிடையே வானம் தெரிந்தது. அந்த ஒரு மரத்துக்கு அவருக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

இதே மரத்துக்கு வசந்தத்திலும் ஒரு வேலை உண்டு. கிளை நுனிகளில் நிமிர்ந்து எழும் இளந்தளிர்களை நீளம் பார்த்துக் கிள்ள வேண்டும். இரண்டையும் சில ஆண்டுகள் விட்டுவிட்டால் மேல்பக்கம் அடர்ந்து, உள்கிளைகளுக்கு வெயில் போகாமல் அவை காய்ந்து உதிரும். இலையில்லாமல் வெறுமையான பழைய கிளையில் பைன் லேசில் துளிர்க்காது. ஒருவர் வாழ்நாள் முழுக்க வளைத்து வளர்த்த வடிவம் போனால் போனதுதான். தோட்டக்காரரின் நாள்கூலி 20,000 முதல் 30,000 யென் வரை ஆகிறது. அவர்களிலும் பலர் முதியவர்கள். வீட்டை விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மரத்தை இத்தனை நாள் யார் பார்த்துக்கொண்டார் என்பது. அவர் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பாசியைப் பார்த்தால் தானாக வளர்ந்தது போலத் தோன்றும். விழுந்த இலைகளை அப்படியே விட்டால் அடியில் அழுகிவிடும். மென்மையாகப் பெருக்க வேண்டும். களைகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்க வேண்டும். விருந்தினர் படம் எடுக்க நான்கு அடி உள்ளே நடந்தால் அந்தக் காலடித் தடம் மாதக்கணக்கில் மறையாது. ‘உள்ளே நுழையாதே’ என்று நான்கு மொழிகளில் பிளாஸ்டிக் பலகை நடத் தேவையில்லை. தேநீர்த் தோட்டங்களில் அதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. கைக்கடக்கமான ஒரு கல்லைக் கறுப்பு நார்க்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடைக்கற்களில் ஒன்றின் நடுவே வைத்துவிடுவார்கள். அதற்கு மேல் போகக்கூடாது என்று பொருள். செகிமோரி-இஷி என்பது அதன் பெயர். அறையில் வைக்கும் கையேட்டில் அந்தக் கல்லின் படத்தைப் போட்டு இரண்டு வரி எழுதுங்கள். விருந்தினர் அதை விதியாக எடுத்துக்கொள்ளாமல், தெரிந்துகொண்ட ரகசியமாக மதிப்பார்கள்.

அந்தத் தோட்டக்காரர் நடுநடுவே பாயில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தின் காட்சி பெரும்பாலும் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அமைக்கப்பட்டது. எங்காவா என்ற, நம் திண்ணை போன்ற மரத்தாழ்வாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் கல்விளக்கும் நீர்த்தொட்டியும் மரமும் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். அங்கே உயரமான சோபாவும் கட்டிலும் போட்டால் கதவின் மேல்சட்டம் மரத்தின் பாதியை மறைத்துவிடும். தாழ்வான இருக்கைகளையே போடுங்கள்.

கியோத்தோவின் மச்சியா வீடுகளில் இன்னொரு கொடுமை நடக்கிறது. தெருப்பக்கம் குறுகி, பின்பக்கம் நீண்டுபோகும் அந்த வீடுகளுக்கு நடுவில் த்சுபோநிவா என்ற சிறு முற்றத் தோட்டம் இருக்கும். இருட்டறைகளுக்கு வெளிச்சம் வருவது அதன் வழியாகத்தான். கோடையில் தண்ணீர் தெளித்தால் காற்று நகர்வதும் அதனால்தான். புதுப்பிப்பவர்கள் ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கொண்டுபோய் அந்த முற்றத்திலேயே வைத்துவிடுகிறார்கள். குளுமைக்காக வைத்த முற்றம் வெந்நீரடுப்பாகிறது. பெரணியும் பாசியும் ஒரே கோடையில் கருகுகின்றன. கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனாலும் அந்தப் பெட்டியைப் பின்பக்கச் சுவருக்குக் கொண்டுபோங்கள்.

முழுத் தோட்டத்தையும் பேண உங்களால் முடியாது என்றால் அதை ஒப்புக்கொண்டு தோட்டக்காரரிடமே யோசனை கேளுங்கள். ஒரு பைன், ஒரு மேப்பிள், நீர்த்தொட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு மீதியைச் சரளைக்கும் பெரணிக்கும் விடலாம். குளம் இருந்து, தினமும் பார்க்க ஆள் இல்லையென்றால் மீன்களைக் கொடுத்துவிட்டு நீரை வடித்துவிடுங்கள். கொசுவும் குறையும், குழந்தைகளுக்கும் ஆபத்தில்லை. எல்லாவற்றையும் சிமென்ட் போட்டு மூடிக் கார் நிறுத்தமாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். வேலியைத் தாண்டும் கிளைகளிலும் கவனம் வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த குடிமைச் சட்டத் திருத்தத்தின்படி, வெட்டச் சொல்லியும் நீங்கள் உரிய காலத்தில் வெட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரே வெட்டிக்கொள்ளலாம். அவர் எப்படி வெட்டுவார் என்பது உங்கள் கையில் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் என்றதும் அடுத்த விஷயம். கிராமமானாலும் நகரத் தெருவானாலும் ஓர் அக்கம்பக்கச் சங்கம் இருக்கும். புல் வெட்டும் நாள், வாய்க்கால் தூர்வாரும் நாள், குப்பை போடும் இடத்தைக் கழுவும் முறை எல்லாம் அவர்கள் ஏற்பாடு. சாவி வாங்கிய வாரத்திலேயே ஒரு துண்டோ இனிப்புப் பெட்டியோ எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வணக்கம் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், சத்தம் வந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். விருந்தினர் விட்டுப்போகும் குப்பை தொழில் குப்பையாகக் கருதப்படும். தெருவின் பொதுக் குப்பை இடத்தில் போடக்கூடாது. ஊரார் பொறுமை இழப்பது பெரும்பாலும் இந்தக் குப்பையில்தான்.

இப்போது பணக் கணக்கு. எண்கள் எல்லாம் ஓர் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மின்பாகு வழியில் 180 நாளில் பாதி நிரம்புகிறது, இரவுக்கு 25,000 யென் என்றால் ஆண்டு வரவு 22.5 லட்சம். முன்பதிவுத் தளத்துக்கும் நிர்வாக நிறுவனத்துக்கும் சேர்த்து 30 விழுக்காடு போனால் 6.75 லட்சம். ஒவ்வொருவரும் இரண்டு இரவு தங்குவதாகக் கொண்டால் 45 முறை சுத்தம் செய்ய வேண்டும். முறைக்கு 10,000 என்றால் 4.5 லட்சம். தோட்டத்துக்கு ஆண்டில் எட்டு ஆள்கூலி, 25,000 வீதம் 2 லட்சம். வரி, காப்பீடு, மின்சாரம், பாய், காகிதம், கழிவுநீர்த் தொட்டி ஆய்வு எல்லாவற்றுக்கும் 4 லட்சம். மிச்சம் 5.25 லட்சம். புதுப்பிக்க 1.5 கோடி செலவழித்திருந்தால் போட்டது திரும்பி வர 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு முறையாவது கூரையைத் தொட வேண்டிவரும்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலர் முதலில் கழிப்பது தோட்டக்காரரின் 2 லட்சத்தைத்தான். அதைக் கழித்த மூன்றாம் ஆண்டில் படங்கள் அழகிழக்கும், விருந்தினர் குறைவார்கள், வாடகையைக் குறைக்க வேண்டிவரும். விருந்தினர் காசு கொடுப்பது அந்தக் காட்சிக்கு. அதை நிறுத்தி வைப்பவரின் கூலியை வெட்டினால் வரவின் வேரை வெட்டுகிறீர்கள்.

இந்தத் தொழில் ஒழுங்காக நடந்த இடங்களும் உண்டு. ஹியோகோ மாநிலத்தில், இன்று தம்பா-சசயாமா என்று அழைக்கப்படும் நகரின் எல்லையில் மருயாமா என்றொரு சிற்றூர். அன்று அங்கே 12 வீடுகளில் 7 காலி. மீதி 5 குடும்பங்களில் 19 பேர். ஊராரும் நோட் (NOTE) என்ற அமைப்பும் கூட்டுச் சேர்ந்து காலி வீடுகளில் சிலவற்றைப் புதுப்பித்து 2009-இல் விடுதியாகத் திறந்தார்கள். விருந்தினரை வரவேற்பதும் காலை உணவு தருவதும் ஊர்க்காரர்கள். சாவி வெளியூர்க்காரர் கையில் இல்லை என்பதுதான் அங்கே விசேஷம்.

ஷிக்கோக்கு தீவின் இயா பள்ளத்தாக்கில், சுமார் 300 ஆண்டுப் பழமையான கூரை வீடொன்றை அமெரிக்கரான அலெக்ஸ் கெர் 1973-இல் வாங்கினார். சீயோரி என்று பெயர் வைத்தார். அது விருந்தினர் தங்கும் வீடாக முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது 2012-இல்தான். இடையில் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள். புகையேறிக் கறுத்த உத்தரங்களும் நடுக்கூடத்து அடுப்பும் அப்படியே இருக்க, தரைக்கடியில் வெப்பமும் நல்ல குளியலறையும் வந்தன. பக்கத்திலுள்ள ஒச்சியாய் சிற்றூரில் மியோஷி நகராட்சி அதே முறையில் எட்டு வீடுகளைப் புதுப்பித்தது. வெளிநாட்டவரும் இதைச் செய்யலாம் என்பதற்கு அவர் சாட்சி. அவசரப்படாதவர் செய்யலாம் என்பதற்கும் அவரே சாட்சி.

கியோத்தோவின் கதை இதற்கு நேர்மாறு. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே எஞ்சியிருந்த மச்சியாக்கள் ஏறக்குறைய 40,000. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில், நாளொன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவை இடிந்துகொண்டிருந்தன. விடுதியாக மாற்றுவது பல வீடுகளைக் காப்பாற்றியது உண்மை. 2019 வாக்கில் எளிய விடுதிகள் 3,000-ஐத் தாண்டின. ஆனால் அவற்றில் எத்தனையோ வாசல்களில் ஒரு சாவிப்பெட்டி மட்டுமே தொங்கியது. தெருவாசிகளின் புகார்களும் நகராட்சியின் கடும் விதிகளும் அப்படித்தான் வந்தன. பிறகு கொரோனா வந்தது. பல விடுதிகள் மூடப்பட்டன. லாபத்துக்கு மட்டும் வாங்கியவர் லாபம் நின்ற மாதமே கைகழுவிவிட்டார். வீடு மறுபடி பூட்டப்பட்டது.

ஆகவே நண்பர்களே, கையெழுத்துப் போடும் முன் நான்கு காரியங்கள் செய்யுங்கள். அந்த ஊரில் ஒரு முறை ஜனவரியிலும் ஒரு முறை ஜூன் மழையிலும் போய்த் தங்குங்கள். ஏப்ரலில் எல்லா வீடும் அழகுதான். சுகாதார அலுவலகம், தீயணைப்பு அலுவலகம் இரண்டிலும் வீட்டு வரைபடத்தோடு போய் உட்கார்ந்து, முடியுமா முடியாதா என்று கேளுங்கள். ஆலோசனைக்கு அவர்கள் கட்டணம் கேட்பதில்லை. தச்சரையும் தோட்டக்காரரையும் அழைத்து வீட்டைக் காட்டி, பத்து ஆண்டுக்கு என்னென்ன வேலை, என்ன செலவு என்று எழுதி வாங்குங்கள். கடைசியாக, பக்கத்து இரண்டு வீடுகளிலும் சங்கத் தலைவரிடமும், விடுதியாக்கினால் உங்களுக்குச் சம்மதமா என்று நேரில் கேளுங்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே ‘கொஞ்சம் கஷ்டம்’ என்றால் அது மறுப்பு என்று இங்கே வாழ்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மூன்று பேரும் அமைந்து, கணக்கும் உங்களுக்குச் சம்மதமாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இரண்டே ஆண்டில் போட்டதை எடுக்கும் கனவை மட்டும் விட்டுவிடுங்கள். மூவரும் அமையவில்லையா? அந்த வீட்டை விட்டுவிட்டு, இப்படி ஒழுங்காக நடக்கும் வீடுகளில் விருந்தினராகப் போய்த் தங்குங்கள். நீங்கள் தரும் வாடகை எங்கோ ஒரு தச்சருக்கும் தோட்டக்காரருக்கும் கூலியாகப் போய்ச் சேரும். பழைய வீட்டின் மேல் உள்ள ஆசைக்கு அதுவும் முறையான செலவுதான்.

அன்புடன்,
ஜப்பானில் வாழும் உங்கள் நண்பன்